அப்பா பதில் சொல்லாத இடம்

பிப்ரவரி 9

டைரக்டர் சாருக்கு,

போனில் பேசினால் நான் கத்திவிடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் பாதியில் போனை வைத்ததே அவருக்குக் கேட்டுவிட்டது. "தம்பிகிட்ட எதுக்கு சண்டை போடறே, படிக்கிற பையன்" என்றார். படிக்கிற பையன் என்ன செய்து வைத்திருக்கிறான் என்று அவருக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஊடகம், தொடர்பியல், பண்பாடு என்று நீளமாக ஒரு படிப்பு. அதற்குக் கடைசி வருஷ வேலையாக ஒரு படம். அப்பாவைப் பற்றியே எடுத்து முதல் பரிசும் வாங்கிவிட்டாய். அம்மா அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாள். பால் போடுபவர், மாடி வீட்டு டைலர், ஒருவர் பாக்கியில்லை. போனை நீட்டி, "என் பையன் எடுத்தது, இவங்க அப்பாதான் ஹீரோ" என்கிறாள். ஹீரோ வாயைத் திறக்காமல் தலையைக் குனிகிற இடம் வந்ததும் அவளுக்குக் கண் கலங்குகிறது. புரிந்து கலங்குகிறாளா, பெருமையில் கலங்குகிறாளா தெரியவில்லை.

அந்த இடத்தை அம்மா மட்டும் பார்க்கவில்லை. உங்கள் துறை அதை இணையத்தில் போட்டிருக்கிறது. அப்பாவும் நானும் வேலை செய்கிற கட்டடத்து மேனேஜருடைய வக்கீல் பார்த்துவிட்டார்.

போன வருஷம் சர்வீஸ் லிஃப்ட் நழுவி, தரை துடைக்கிற அக்காவின் கால் நசுங்கியதே, அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. பிரேக் தேய்ந்திருக்கிறது என்று மேனேஜரிடம் முன்பே சொன்னேன் என்று லிஃப்ட் மெக்கானிக்கான நம் அப்பா சொல்லியிருக்கிறார். என் காதுக்கு எதுவும் வரவில்லை என்கிறார் மேனேஜர். அந்தக் கட்டடத்தில் எதையும் எழுதிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தைதான். இவர் சொல்வதா, அவர் சொல்வதா என்று இழுத்துக்கொண்டே கிடந்தது. இப்போது உன் படம் வந்திருக்கிறது. அதில் உன் குரல் கேட்கிறது: "பிரேக் தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சதும் யார்கிட்டப்பா சொன்னீங்க?" அப்பா உன்னைப் பார்க்கிறார். பேசவில்லை. தலையைக் குனிகிறார். அடுத்தது, மூடிய லிஃப்ட் கதவு.

"பெத்த பிள்ளை கேட்டப்பவே பதில் சொல்ல முடியாதவர்" என்று வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார். மார்ச் 15 விசாரணையில் படத்தைப் போட்டுக் காட்டப் போகிறார்களாம். தப்பு அப்பாவுடையது என்று முடிவானால் லைசென்ஸ் போகும், வழக்கும் வரும். இந்த வயதில் அவரை எந்தக் கட்டடத்தில் சேர்ப்பார்கள்?

பேட்டி முடிகிற சமயம்தான் நான் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தேன், அதனால் கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு அப்பா ஏதாவது சொன்னாரா? லிஃப்ட் என்றாலே சாப்பாட்டை மறந்து பேசுகிற மனுஷன் அவர். சொன்னார் என்றால் என்ன சொன்னார்? வார்த்தை விடாமல் எழுது.

அக்கா


பிப்ரவரி 14

அக்கா,

உன் கடிதத்தை எடிட்டிங் அறையில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்தவன் "என்னடா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்று கேட்கிற அளவுக்கு எழுதியிருக்கிறாய்.

முதலில் ஒன்று. ஒரு படம் என்பது சாட்சி இல்லை, அது ஒரு பார்வை. எங்களுக்கு முதல் வருஷத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்: கேமராவை வைக்கிற இடத்திலேயே கருத்து தொடங்கிவிடுகிறது. படத்தில் அப்பா "யார்கிட்டயும் சொல்லலை" என்று சொல்கிறாரா? இல்லை. அவர் பேசவில்லை, அவ்வளவுதான். அந்த மௌனத்துக்குள் வக்கீல் தனக்கு வேண்டிய அர்த்தத்தைப் போட்டுக்கொள்கிறார். எங்கள் மேடம் அதே இடத்தில் வேறு அர்த்தம் கண்டார். உழைக்கிறவனிடம் கேள்வி கேட்கத் தெரிந்த சமூகத்துக்கு அவன் பதிலைக் கேட்கப் பொறுமையில்லை, அந்த அர்த்தம் அங்கே இருக்கிறது என்றார். தேர்வாளர் ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார். ஒரு செய்தி சேனலில் ஜூன் மாதம் பயிற்சி வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் அந்த ஒரு காட்சியால்தான்.

நீளமான பதில்களை எல்லாம் வெட்ட வேண்டியிருந்தது. படத்துக்கு நேர வரம்பு உண்டு. வெட்டியதை இப்போது எடுக்கவும் முடியாது. கேமராவின் கார்டும் எடிட்டிங் கம்ப்யூட்டரும் துறையுடையவை. படம் முடிந்தவுடன் இரண்டிலும் இருப்பதை அடுத்தவர்களுக்காக அழித்துவிடுவார்கள்.

விசாரணை அதிகாரி படித்தவராகத்தான் இருப்பார். ஒரு மாணவன் எடுத்த படத்தை வைத்து முடிவெடுக்க மாட்டார். வீணாகப் பதறாதே.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

தம்பி


பிப்ரவரி 19

டேய்,

உன் கடிதத்தில் அர்த்தம், அர்த்தம் என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு மட்டும் பதிலைக் காணோம். எனக்குக் காதில் பூச் சுற்றாதே.

நேற்று சாப்பாட்டு இடைவேளையில் வரவேற்பு மேசையிலேயே உட்கார்ந்து, அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அப்பாவுக்குப் பின்னால் சுவரில் நம் வீட்டு நாள்காட்டி. நீ கேள்வி கேட்கும்போது அதன் தாள் படபடவென்று அடித்துக்கொள்கிறது. அப்பா பேசாமல் இருக்கும்போது ஆணி அடித்த மாதிரி அசையாமல் நிற்கிறது. கேள்வி கேட்கும்போது ஃபேன் ஓடியது, பதில் சொல்லும்போது நின்றுவிட்டதா? ஃபேனை நிறுத்தியது யார் தெரியுமா? நான்தான்.

நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அதிகாரம் பண்ணினாயே. "அக்கா, அந்த ஃபேனை ஆஃப் பண்ணு. ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது. வெறும் ரூமோட சத்தம் மட்டும் வேணும்." எதற்கு என்று அம்மா கேட்டாள். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழுகிற ஓட்டையை அடைக்க இந்த வெறும் சத்தம் வேண்டும், படம் எடுக்கிற எல்லோரும் எடுப்பார்கள் என்று மேதாவி மாதிரி விளக்கினாய். அம்மா சிரிப்பு வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கையைத் தொடையில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். நடுவில் குனிந்தாரே, எதற்குக் குனிந்தார் தெரியுமா? எறும்பு காலைக் கடித்தது. நீ சொல்லிவிட்டாயே என்று ஒரு சத்தம் போடாமல் பொறுத்துக்கொண்டார். நீ எழுந்து போன பிறகு காலைச் சொறிந்துகொண்டு, "படம் எடுக்கிறது லேசான வேலை இல்லைம்மா" என்றார். அந்த எறும்புக்குத்தான் உங்கள் தேர்வாளர் எழுந்து நின்று கை தட்டியிருக்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நீ வாயை மூடச் சொன்னாய் என்பதற்காக மூடினார். அந்த மூடிய வாயை எடுத்து, அவர் பதிலுக்குப் பதிலாக ஒட்டியிருக்கிறாய். ஊடக அறம் என்று ஒரு பாடம் இருக்கிறது, அதில் நான்தான் முதல் மார்க் என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டாயே, அந்தப் பரீட்சையில் என்னதான் எழுதினாய்?

இனி பூசி மெழுக வேண்டாம். அது வேறு நேரத்தில் எடுத்த காட்சி, நான்தான் ஒட்டினேன் என்று விசாரணை அதிகாரிக்குக் கையெழுத்துப் போட்டு எழுது. வக்கீல் எழுதிக் கொடுத்ததிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. லைசென்ஸ் அட்டையை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

நீ சொன்னது அத்தனையும் சரி. எறும்பு மட்டும் எனக்குத் தெரியாது.

அறையின் சத்தத்தை எடுக்கும்போது, பேட்டியில் ஓடிய ஃபேன் அப்படியே ஓட வேண்டும். அப்போதுதான் பேச்சோடு ஒட்டும். நான் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எடுத்தேன். ஒலிக்கூடத்துக்காரர் கேட்டுப் பார்த்துவிட்டு, "வீட்டைப் பூட்டிட்டுப் போய் எடுத்த மாதிரி இருக்கே தம்பி, இது எதுக்கும் ஆகாது" என்று சிரித்தார். சத்தம்தான் ஆகவில்லை. கேமரா அந்த நிமிஷமும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் முகம் அதில் இருந்தது. வேறோர் இடத்திலிருந்து ஃபேன் இரைச்சலை எடுத்து அடியில் ஓட்டினேன். காதை ஏமாற்றிவிட்டு நாள்காட்டியை மறந்துவிட்டேன்.

ஒட்டியதும் பார்த்தேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. செய்யக் கூடாதது என்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன். துறையில் சொன்னால் மார்க்கை ரத்து செய்வார்கள், இந்த வருஷத்தை மறுபடி படிக்க வேண்டும், சேனல் வேலையும் போகும். முந்தைய கடிதத்தில் அவ்வளவு படிப்பைக் காட்டியதெல்லாம் அந்தப் பயத்தில்தான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். வார்த்தை விடாமல் எழுதச் சொன்னாய். வெட்டுவதற்காக அந்தப் பதிலை எத்தனையோ தடவை ஓட்டிக் கேட்டிருக்கிறேன், மனப்பாடமே ஆகிவிட்டது.

"மேனேஜர்கிட்டதான் சொன்னேன், ரெண்டு தடவை. முதல் தடவை அவர் ரூம்ல. ரெண்டாவது, லிஃப்ட் விழுந்த அன்னைக்குக் காலையிலேயே. கீழே வரவேற்பு மேசைக்கு முன்னாடி அவரை மறிச்சு நிறுத்தி, சர்வீஸ் லிஃப்ட்டை இன்னைக்கே நிறுத்தணும் சார்னேன். மாசக் கடைசி வரைக்கும் ஓட்டுய்யா, அப்புறம் பாத்துக்கலாம்னார். பொண்ணு அங்கதானே உக்காந்திருந்தா, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தா."

இதுதான் அப்பாவின் பதில். அன்று நீ முகம் கழுவப் போன பிறகு என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "பொண்ணைப் பத்தி வர்ற இடத்தை எடுத்துடுப்பா. அந்த மேசை வேலை மேனேஜர் போட்டுக் கொடுத்தது. சாட்சின்னு இவளைக் கூப்பிட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." அதை மட்டும் வெட்டிப் பார்த்தேன், அந்த இடத்தில் அப்பாவின் முகம் திடீரென்று துள்ளி, வெட்டு அப்பட்டமாகத் தெரிந்தது. முழுப் பதிலையும் நீக்கிவிட்டேன். அப்போது கேள்வியையும் சேர்த்து நீக்கியிருக்க வேண்டும். படத்திலேயே நல்ல கேள்வி அதுதான், விட மனசு வரவில்லை. பதில் இல்லாத கேள்விக்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

என் தப்பு என் தப்புதான், உன் தலையில் கட்டவில்லை. ஆனால் அக்கா, என்னிடம் இருந்தது ஒரு கார்டு, அது அழிந்துவிட்டது. நீ அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாய். இத்தனை மாதமாக அப்பா தனியாகப் போய் விசாரணையில் நின்றுவிட்டு வருகிறார். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் கடிதத்திலேயே அப்பா என்ன சொன்னார் என்று அப்படித் துருவித் துருவிக் கேட்டாயே, அவரைக் காப்பாற்றவா கேட்டாய்? உன் பேச்சு வந்ததா என்று தெரிந்துகொள்ளவா?

தம்பி


மார்ச் 8

அக்கா,

நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்றும் நினைத்தேன்.

மேடத்திடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் படத்தைப் போட்டு, நாள்காட்டி ஆடுகிற இடத்திலும் ஆடாத இடத்திலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பிறகு, "இந்த ஒரு இடத்துக்காகத்தான் உனக்கு நான் அவ்வளவு மார்க் போட்டேன். வகுப்புல இதைப் பத்தி நான் பேசினதெல்லாம் இப்ப என்ன ஆகும்?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

படத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பரிசைத் திருப்பிக் கொடுத்தேன். இந்த வருஷத்தை மறுபடி படிக்க வேண்டும். சேனலிலிருந்து, இடம் நிரம்பிவிட்டது என்று மரியாதையாக ஒரு வரி வந்தது. விசாரணை அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அப்பா என்ன பதில் சொன்னார் என்பதை மட்டும் எழுதவில்லை. அதில் உன்னைப் பற்றிய இடத்தை அவர் வெட்டச் சொன்னார், அவரோ நீயோதான் அதைச் சொல்ல வேண்டும். பதினைந்தாம் தேதி துறையின் ஒழுங்குக் குழு முன்னால் நான் நிற்க வேண்டும், அதனால் விசாரணைக்கு வர முடியாது.

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஒரு வருஷம் போச்சாப்பா?" என்று மட்டும் கேட்டார். ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

உன்னைப் பற்றி அவ்வளவு கடுமையாக எழுதியிருக்கக் கூடாது. ஆனால் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டது கொஞ்சநஞ்சமில்லை. முதலில் உன்னைக் கண்டபடி திட்டி எழுதினேன். திட்டத் திட்ட அது எனக்கே எழுதுகிற மாதிரி ஆகிவிட்டது. ஆமாம், என் பேச்சு வந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அப்பாவுக்காகவும் கேட்டேன். இரண்டில் எது பெரிது என்று கேட்காதே.

நேற்று மேனேஜரிடம் விடுப்புச் சொல்லாமல் அப்பாவோடு போனேன். "நீ எதுக்கும்மா, அங்க உனக்கு ஒண்ணும் வேலை இல்லை" என்று பஸ் ஏறும் வரைக்கும் தடுத்துக்கொண்டே வந்தார். மூன்றாவது மாடியில் ஒரு நீள அறை. ஒரு பக்கம் மேனேஜரும் வக்கீலும், எதிரில் அப்பா, சுவர் ஓரமாக நானும் கால் போன அக்காவும். உன் படத்தைப் போட்டார்கள். உன் கடிதத்தையும் அதிகாரி சத்தமாகப் படித்தார். நாள்காட்டி விஷயம் வந்ததும் அவரே எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். வக்கீல் அசரவில்லை. "அப்பாவைக் காப்பாத்த பையன் இப்ப கதையை மாத்தறான் சார். படம் எடுக்கறவனுக்குக் கதை சொல்லத் தெரியாதா? அவர் பேசலைங்கறது பொய்யாவே இருக்கட்டும், யார்கிட்டயாவது சொன்னார்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

அதிகாரி அப்பாவிடம் திரும்பினார். அப்பா இரண்டு தடவை சொன்னதையும் சொன்னார். இரண்டாவது தடவை கீழே வைத்துச் சொன்னேன் என்றார்.

"அப்ப வேற யாராவது பக்கத்துல இருந்தாங்களா?"

"யாரும் இல்லீங்க" என்றார் அப்பா.

நம் அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. எவ்வளவு சுலபமாகச் சொன்னார் தெரியுமா? எனக்காகப் பழகி வைத்திருந்திருக்கிறார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. "நான் இருந்தேன் சார்" என்று எழுந்துவிட்டேன். அப்பா திரும்பிப் பார்த்து, "உக்காரும்மா, நீ உக்காரு" என்று கெஞ்சினார். மேனேஜர் என்னைப் பார்க்கவே இல்லை, போனை எடுத்து வைத்துக்கொண்டார். அப்பா கேட்டது, அவர் சொன்னது, மாசக் கடைசி, எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அதிகாரி கேட்டார். இவர் போட்டுக் கொடுத்த வேலை சார் என்றேன்.

மேனேஜரை மறுபடி விசாரிக்கப் போகிறார்கள். அதுவரை அப்பாவின் லைசென்ஸில் கை வைக்கமாட்டோம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். இன்று காலை எனக்குப் போன் வந்தது, நாளையிலிருந்து வர வேண்டாமாம். அப்பா என்னோடு பேசவில்லை. கோபமா, வெட்கமா, எதுவென்று தெரியவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் தட்டை வைத்துவிட்டு முழிக்கிறாள்.

உனக்குச் சொல்ல வேண்டியது இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் நேற்று வெளியே வந்தேன். வராந்தாவில் அந்த அக்கா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இங்க வாம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

"அன்னைக்கு வாளியோட வந்து, லிஃப்ட் ஓடுதாம்மான்னு உன்கிட்டதானே கேட்டேன்?"

"ஆமாக்கா."

"ஓடுது, போங்கன்னியே. உங்க அப்பா சொன்னதைக் கேட்டதுக்கு அப்புறமா அப்படிச் சொன்னே?"

உள்ளே இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உன் படத்தில் நாள்காட்டியைக் கண்டுபிடித்தவள், இந்த ஒன்றை மட்டும் என் மனசில் ஓட்டிப் பார்க்காமலே வைத்திருந்தேன். "வேலை போயிடும்னு பயந்துட்டேன்க்கா" என்றேன்.

அவர் திட்டவில்லை. என் கையைக்கூட விடவில்லை. "எனக்கும் அந்த ஒரு வேலைதாம்மா இருந்துச்சு" என்றார்.

நான் திரும்ப உள்ளே போனேன். அதிகாரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அக்கா